ஹுனைஸின் தலைப்பெழுத்து

புதன்கிழமை காலை பத்து மணி. புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தன் தட்டச்சுக் கடையில் ஹஃபீலா ஒரு சான்றிதழின் போட்டோ கொப்பியை மூன்றாம் தடவை வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகத்தில் சிரிப்பு ஏறியது.

"ராத்தா இப்பிடிச் சிரிச்சா யாருக்கோ காலம் சரியில்ல," என்றான் வாசலில் நின்ற முத்தலிபு.

கடைப் பலகையில் தட்டச்சு, மொழிபெயர்ப்பு என்று மட்டும்தான் இருந்தது. துப்பறிதல் என்று ஹஃபீலா எழுதி வைக்கவில்லை. அதற்கு ஆட்கள் தாமாகவே தேடி வந்தார்கள். முத்தலிபு அவளுக்கு ஆட்டோ ஓட்டினான், ஊர்க்கதை கொண்டுவந்தான், கேட்காத இடத்திலும் வாயைத் திறந்தான். பத்து வருடம் வளைகுடாவில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவன். மூன்றாம் மாடி உயரத்திலிருந்து விழுந்து, ஒரு கால் வளைந்து ஊர் திரும்பியிருந்தான். நாக்குக்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லை.

எதிர்க் கதிரையில் கரைத்தீவு ஷிம்லா உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் ஹுனைஸ் குழாய் வெல்டர். ஆறு மாதம், எட்டு மாதம் என்று கொன்ராக்டில் வளைகுடாவுக்குப் போய் வருகிறவன். இப்போது பன்னிரண்டு நாளாக விளக்கமறியலில் இருந்தான். வேலைக்காகப் போலிச் சான்றிதழ் கொடுத்தான் என்று அவன்மேல் முறைப்பாடு. முறைப்பாடு செய்தவன் ஸஜீத். புத்தளத்தில் ஆட்சேர்ப்பு ஏஜன்சி நடத்துகிறவன். நாளை வழக்குத் தவணை. குற்றம் உறுதியானால் ஹுனைஸின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும். அதன் பிறகு எந்த நாட்டுக் கம்பனியும் அவனை வாசலில்கூட நிறுத்தாது.

"அவர் இந்த சேட்டிபிகட்ட கண்ணாலயும் கண்டதில்ல ராத்தா," என்றாள் ஷிம்லா. "அவர்ட சேட்டிபிகட் வேற. இது ஆரோ செஞ்சு, ஏஜன்சியில இருக்கிற அவர்ட ஃபைலுக்குள்ள வச்சது."

"ஏன் வைக்கோணும்?"

"நம்பர் குடுக்காததுக்கு."

ஹஃபீலாவுக்கு அந்தக் கதை தெரியும். கரைத்தீவு முழுவதற்கும் தெரியும். இரண்டு வருடமாக வேலைகள் வற்றிப்போய், ஒரு இடத்துக்கு நூறு பேர் நின்றார்கள். அந்தத் தைரியத்தில் ஸஜீத் கேட்பது கூடிக்கொண்டே போனது. முதலில் பாஸ்போட்டை அவனிடமே விட்டுவைக்கச் சொன்னான். பிறகு வேறு ஏஜன்டிடம் போகமாட்டேன் என்று எழுதிக் கேட்டான். கடைசியாக, முன்பு வேலை செய்த இடத்தில் மேற்பார்வை பார்த்த ஃபோமன்கள் இரண்டு பேரின் வட்ஸ்அப் நம்பர் கேட்டான். விஷம் அதில்தான் இருந்தது. நம்பர் கிடைத்ததும் ஸஜீத் ஃபோமனுக்கு ஃபோன் எடுப்பான். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கமாட்டான். உங்களுக்கு எத்தனை பேர் வேண்டும், இதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு நான் அனுப்புகிறேன் என்பான். நம்பர் கொடுத்தவன் அடுத்த கொன்ராக்டுக்குப் போய் நிற்கும்போது அவன் இடத்தில் ஸஜீத்தின் ஆள் நிற்பான்.

அதனால் கரைத்தீவு வெல்டர்கள் இருபது பேர் கூடி, யாரும் நம்பர் கொடுப்பதில்லை என்று கட்டுப்பாடு போட்டார்கள். அவர்களுடைய சங்கத் தலைவர் லத்தீப்தான் முன்னின்று போட்டார். அதை ஸஜீத்தின் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் ஹுனைஸ். அப்போது அவன் ஸஜீத் மூலம் போகவிருந்தது, ஃபோமன் அவனையே பெயர் சொல்லிக் கேட்டிருந்த ஒரு வேலைக்கு. ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், பொலிஸ் வந்தது.

"அதுக்குப் பிறகு மிச்சம் பத்தொம்பது பேரும் வரிசையில நிண்டு நம்பர் குடுத்துட்டாங்க," என்றாள் ஷிம்லா.

"என்ட்டயும் முந்தி கேட்டாங்க," என்றான் முத்தலிபு. "நான் மாமிட நம்பரக் குடுத்து, 'ஃபோமன் மாதிரிக் கதைங்க' எண்டு சொல்லி வச்சன். அவங்க எடுத்துக் கேட்டதும் மாமி, 'இவனுக்கு வேல குடுத்துராதீங்க' எண்டுட்டா. உள்ளதத்தான் சொன்னா."

ஹஃபீலா போட்டோ கொப்பியைத் திருப்பி வைத்துப் பெயரின்மேல் விரலை ஊன்றினாள். "ஷிம்லா, ஒங்கட மாப்பிள்ள ஹுனைஸ்ட வாப்பா பேர் என்ன?"

"லாஃபிர்."

"முகம்மது லாஃபிர் ஹுனைஸ். அப்ப எம். எல். இதுல பாருங்க. எம். என். ஹுனைஸ். தனக்குக் கள்ள சேட்டிபிகட் செய்ற மனுசன் எவனும் தன்ட வாப்பாட பேரப் பிழையாப் போடமாட்டான். ஸஜீத்ட ஆக்கள் அவசரத்துல செஞ்சிருக்காங்க."

ஷிம்லாவின் கண்கள் அந்த எழுத்தில் விழுந்து அங்கேயே நின்றன. உதடு எதையோ சொல்லத் திறந்து மூடியது. ஹஃபீலா அதைக் கவனிக்கவில்லை. அவள் ஏற்கனவே எழும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

கவனிக்காததற்குக் காரணம் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் அவள் தம்பி இனாஸை எலக்ட்ரீசியன் வேலை என்று சொல்லி அனுப்பியவன் ஸஜீத். அங்கே கொடுத்தது மண்வெட்டி. ஆடி மாத வெயிலில் வடிகான் வெட்டிக் காய்ச்சலில் விழுந்தான் இனாஸ். கம்பனிக்காரனோடு ஒருதரம் கதையுங்கள் என்று ஹஃபீலா நான்கு நாள் ஸஜீத்தின் படியேறினாள். நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்றான். ஐந்தாம் நாள் மவுத்துச் செய்தி வந்தது; இனாஸ் உயிரோடு இல்லை. அன்றிலிருந்து அவள் ஒரு எழுத்துக்காகக் காத்திருந்தாள். இன்று கிடைத்தது என்று நினைத்தாள்.

ஸஜீத்தின் ஏஜன்சி ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில் இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியாது என்று ஷிம்லா ஆட்டோவிலேயே தங்கிவிட்டாள். மேலே பத்துப் பன்னிரண்டு பேர் மடியில் ஃபைலோடு காத்திருந்தார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் படிவத்தின் கடைசிப் பகுதியில் பேனையை வைத்துக்கொண்டு தடுமாறினார்.

"தம்பி, ரெண்டு நம்பரும் கட்டாயமா?" என்று முத்தலிபுவைக் கேட்டார். "என்ட ஃபோமன் ஒராள் மவுத்தாப் போய்ட்டாரு. அவர்ட நம்பரப் போட்டாப் பரவால்லயா?"

"நல்லது நானா, அதையே போடுங்க. ஸஜீத்ட கதைக்கு மயங்காத ஒரே ஃபோமன் அவராத்தான் இருப்பாரு."

உள்ளே ஸஜீத் அத்தர் வாசத்தோடு எழுந்து வரவேற்றான். வெள்ளை வெளேர் என்ற சேட், வெட்டி ஒதுக்கிய தாடி.

"வாங்க ராத்தா. தம்பிட விஷயத்துக்குப் பிறகு இந்தப் பக்கமே காணல்ல. என்ன செய்ற, அல்லாஹ்ட நாட்டம்."

ஹஃபீலா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். போட்டோ கொப்பியை அவன் முன்னால் தள்ளினாள். "இதுல ஒரு எழுத்துப் பிழ இருக்கு."

ஸஜீத் குனிந்து பார்த்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் கண் அந்த எழுத்தில் மாட்டிக்கொண்டது. பிறகு சிரித்தான். எழுந்து இரும்பு அலுமாரியைத் திறந்து ஒரு பாஸ்போட்டை எடுத்து மேசையில் விரித்தான்.

"ஹுனைஸ்ட பாஸ்போட். மூணு மாசமா என்ட அலுமாரியிலதான் இருக்கு. பாருங்க, முகம்மது லாஃபிர் ஹுனைஸ். நான் செய்றதா இருந்தா இதப் பாத்துச் சரியாச் செஞ்சிருக்க மாட்டனா? இந்த நாசவேல செஞ்சவன்ட கையில பாஸ்போட் இல்ல ராத்தா. யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்தாள். அவன் சொன்னது சரியாக இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. ஏழு வருடம் அடைகாத்த கோபத்தோடு வந்து, அவனிடமே பாடம் கேட்டுக்கொண்டு எழும்ப வேண்டியதாயிற்று.

படியிறங்கும்போது முத்தலிபு சொன்னான்: "ஏஸி போட்ட அறையில பொய் சொன்னா வேர்க்காது. அதுக்குத்தான் ஏஸி."

"அவன் சொன்னது பொய்யில்ல முத்தலிபு."

"அப்பிடியா? நாம வெளிய வந்த கையோட ஃபோன எடுத்தானே, கண்டீங்களா? கண்ணாடியால பாத்தன். மத்தவன் எடுக்கல்ல போல. திரும்பத் திரும்ப அடிக்கிறான். உண்மை சொன்னவனுக்கு என்ன இவ்வளவு அவசரம்?"

ஹஃபீலா கடைசிப் படியில் நின்றாள். சான்றிதழைச் செய்தவன் கையில் பாஸ்போட் இல்லை. ஆனால் பிழையைக் கேள்விப்பட்டதும் ஸஜீத்துக்கு அவசரமாக யாரோடோ கதைக்க வேண்டும். அப்படியென்றால் ஏவியது இவன். செய்தது வேறொரு கை. அந்தக் கை இந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தது?

ஆட்டோவுக்குள் தலையை நீட்டினாள். "ஷிம்லா, மாப்பிள்ளைட சீ.வி. எத்தின பேர்ட்டப் போயிருக்கு?"

ஷிம்லா முந்தானைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நாலு பேர்ட்ட. காலையிலயே சொல்லியிருப்பன் ராத்தா. வாய் வரல்ல."

"என்ன சொல்லியிருப்பீங்க?"

"சீ.வி. எல்லாம் நான்தான் கொமியூனிகேஷன் கடையில குடுத்து அடிச்செடுக்கிற. போன வருஷம் கொழும்பு ஏஜன்ட் ஒருத்தன் எங்கள்ட்டக் கேக்காம இவர்ட சீ.வி.ய ஒரு கம்பனிக்கு அனுப்பிட்டான். அதே கம்பனிக்கு இவர் இன்னொருத்தன் மூலமாப் போட, ஒரே ஆள் ரெண்டு வாசலால வாறான் எண்டு ரெண்டையும் வெட்டிட்டாங்க. அனுப்பினது ஆரெண்டு கடைசி வரைக்கும் பிடிக்க ஏலல்ல. அதுக்குப் பிறகு நான் ஒரு வேல செஞ்சன். வெளிய போற ஒவ்வொரு சீ.வி.க்கும் நடு இனிஷல மாத்தி விட்டன். எந்தக் கடதாசி ஆர்ட கையால சுத்துது எண்டு தெரியோணும் எனக்கு. அவருக்கும் சொல்லல்ல. சொன்னாச் சிரிப்பாரு."

முத்தலிபு பின்பக்கம் திரும்பி அவளைப் பார்த்தான். "ராத்தா, நம்மட கடைய மூடிட்டு இவட்ட வேலைக்குப் போவம்."

"சொல்லுங்க," என்றாள் ஹஃபீலா.

"சிலாபத்து ஏஜன்டுக்கு ஆர். கொழும்புக்கு எஸ். ஸஜீத்துக்குப் பாஸ்போட்டும் போனதால மாத்தாம எல்." ஷிம்லா நிறுத்தினாள். குரல் இறங்கியது. "'என்' போட்டது ஒரே ஒரு ஆளுக்கு. கரண்ட் எடுக்கிற காத்தாடி வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க, சங்கத்தால அனுப்புறன் எண்டு கேட்டாரு. லத்தீப் நானா."

வீதியில் ஒரு லொறி போய் மறைந்தது.

"இவர் உள்ள போன நாளையிலிருந்து எங்கட வீட்டுக்குச் சோறு அனுப்புறதும் அவர்தான்," என்றாள் ஷிம்லா.

"முத்தலிபு, ஆட்டோவ எடு," என்றாள் ஹஃபீலா. "ஸஜீத் அடிச்சுக்கொண்டிருக்கிற ஃபோன மத்தவர் எடுக்கிறதுக்கு முந்திப் போகோணும்."

லத்தீப்பின் பட்டறை கரைத்தீவுக்குப் போகும் வழியில், கடற்களப்பைப் பார்த்த தகரக் கொட்டில். அவர்கள் போய் இறங்கும்போது கிரைண்டர் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. ஒரு கேற்றின் மூட்டுக்களைத் தீப்பொறி பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார் லத்தீப். ஐம்பத்து நான்கு வயது. கை முழுக்கப் பழைய சூட்டுத் தழும்புகள். பட்டறை வேலி ஓரமாக, உள்ளே கதைப்பது கேட்கும் தூரத்தில் முத்தலிபு ஆட்டோவை நிறுத்தினான். ஷிம்லாவை அசையாமல் உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, தன் ஃபோனில் ஒலிப்பதிவை முடுக்கிச் சேட் பையில் போட்டுக்கொண்டான்.

லத்தீப் கிரைண்டரை நிறுத்திவிட்டு முகக்கவசத்தை உயர்த்தினார். "ஹஃபீலாவா? நாளைக்குத் தவணையில்லயா? பாவம் அந்தப் பொடியன்."

"அதுக்குத்தான் வந்தன் நானா. சங்கத் தலைவர்ட நற்சாட்சிக் கடிதம் ஒண்டு இருந்தா லோயருக்கு ஒதவியா இருக்கும். ஒங்கட கைப்பட எழுதித் தாங்க. முழுப் பேரும் போட்டு."

"அதுக்கென்ன, தாங்க கடதாசிய."

லத்தீப் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கையைத் துடைத்து, நிதானமாக எழுதினார். கரைத்தீவைச் சேர்ந்த எம். என். ஹுனைஸ் என்பவரைப் பதினைந்து வருடமாக அறிவேன், நேர்மையானவர், நல்ல தொழிலாளி. கீழே கையொப்பம், திகதி.

ஹஃபீலா வாங்கி வாசித்தாள். "'என்' எண்டா என்ன பேர் நானா?"

"அவன்ட வாப்பாட பேர்தானே. நயீமோ, நவாஸோ."

"லாஃபிர்."

லத்தீப் நிமிர்ந்தார்.

"பதினஞ்சு வருஷமாப் பழகியும் வாப்பா பேர் தெரியாது. அது பரவால்ல. ஆனா இந்த உலகத்துல அவர் எம். என். ஹுனைஸா இருக்கிறது ரெண்டே ரெண்டு கடதாசியிலதான். ஒண்டு ஷிம்லா ஒங்கள்ட்டத் தந்த சீ.வி. மத்தது பொலிஸ்ல இருக்கிற கள்ள சேட்டிபிகட். இப்ப ஒங்கட கையெழுத்துல மூணாவது."

வாங்கின் ஓரத்தில் கிடந்த லத்தீப்பின் ஃபோன் நடுங்கியது. திரையில் ஸஜீத் என்ற பெயர். அதற்குக் கீழே, எடுக்காமல் விட்ட ஏழு அழைப்புகள்.

"கிரைண்டர் சத்தத்துல கேட்டிராது," என்றான் முத்தலிபு. "நல்ல மிசின். எங்க வாங்கினீங்க?"

லத்தீப் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு இடையால்தான் கதை வந்தது. "மூணு வருஷம் ஹஃபீலா. மூணு வருஷமா எனக்கு ஒரு கொன்ராக்ட் இல்ல. ஏஜன்ட்மாரு வயசக் கேட்டுட்டு ஃபைலையே தொறக்கிறதில்ல. ஸஜீத்தான் கூப்பிட்டுச் சொன்னான். நீ போட்ட கட்டுப்பாட்ட நீயே ஒடைச்சுத் தா, ஹுனைஸ்ட இடத்துல ஒன்ன அனுப்புறன் எண்டு. ஒரு கடதாசி செஞ்சு அவன்ட ஃபைலுக்குள்ள போட்டாச் சரி, மிச்சத்த நான் பாக்கிறன் எண்டான். ஒரு மாசத்துல ஹுனைஸ் வெளிய வந்துருவான் எண்டான்."

"எப்பப் பயணம்?"

"வெள்ளிக்கிழம." அவர் கையை எடுத்தார். "அல்லாஹ்வுக்காக, போக மட்டும் விடுங்க. இத விட்டா இனி என்ன ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."

ஹஃபீலாவுக்கு அவரைப் பார்க்க இரக்கம் வரப் பார்த்தது. வரவிடவில்லை. "ஸஜீத்துக்கு எடுங்க," என்றாள். "ஸ்பீக்கர்ல போடுங்க. நாங்க இங்க இல்ல எண்டு நினைச்சுக் கதைங்க. நான் ஒங்கட பயணத்தத் தடுக்க மாட்டன்."

"வல்லாஹி? சத்தியமா?"

"நான் தடுக்க மாட்டன்."

லத்தீப் ஸஜீத்துக்கு எடுத்தார். முதல் மணி அடித்து முடிவதற்குள் மறுமுனை வெடித்தது.

"எங்கடா தொலைஞ்ச? எத்தின தரம் எடுக்கிற! எல் எண்டு போட வேண்டிய இடத்துல என் எண்டு போட்டிருக்கிறாய்! அந்தப் பொம்புள கண்டுபிடிச்சு இங்க வந்து நிக்கிறாள்!"

"எனக்குத் தெரியாது ஸஜீத், சீ.வி.யில அப்பிடித்தான்..."

"பாஸ்போட் என்ட அலுமாரியில இருக்கே, ஒரு வார்த்த கேட்டிருந்தாக் காட்டியிருப்பனே! ஒன்ன நம்பி இந்த வேலையத் தந்தன் பாரு, என்னச் சொல்லோணும். நாளைக்குத் தவணை முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத. வெள்ளிக்கிழம பிளேன்ல ஏறு. ஹுனைஸ் கிடந்து சாகட்டும். அவனக் காட்டித்தானே மத்தவன்கள்ட்ட நம்பர வாங்கினன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. முத்தலிபு சேட் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். காலையில் எந்தப் பாஸ்போட்டை விரித்து ஸஜீத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டானோ, அதே பாஸ்போட்டை வைத்துத் தன் வாயாலேயே தன்னைக் கட்டிப்போட்டுவிட்டான்.

ஹஃபீலா கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஆட்டோவில் ஏறும்போது முத்தலிபு மெல்லிய குரலில் கேட்டான். "ராத்தா, அவருக்கு வாக்குக் குடுத்துட்டீங்களே."

"ஓம். நான் தடுக்க மாட்டன் எண்டு சொன்னன். தடுக்கவும் மாட்டன்." ஹஃபீலா பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். கடிதத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "ஷிம்லா அப்பிடி ஒரு வாக்கும் குடுக்கல்லயே."

ஷிம்லா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, அழவில்லை. "பொலிசுக்குப் போங்க," என்றாள். "முதல்ல லத்தீப் நானாட பேர எழுதோணும். ஸஜீத்ட பேர் ரெண்டாவது."

அஸர் தொழுகைக்கு முன்பே பொலிஸ் ஜீப் இரும்புக் கடை வாசலுக்கு வந்தது. ஒலிப்பதிவைக் கேட்ட பொலிஸ் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. அதிகம் யோசிக்கவில்லை. ஸஜீத்தை இரண்டு பேர் நடுவில் வைத்து இறக்கிவந்தபோது, படியின் அடியில் ஹஃபீலா நின்றாள். நிற்பதற்கென்றே வந்திருந்தாள்.

"ராத்தா," என்றான் ஸஜீத். அத்தர் வாசத்தை மீறி வேர்வை மணந்தது. "ராத்தா, நாம கதைச்சுத் தீத்துக்கலாம். ஒரு தரம் கதைப்பம்."

"நாளைக்கு வாங்க," என்றாள் ஹஃபீலா.

அவன் ஜீப்பில் ஏறும்வரை இமைக்காமல் பார்த்தாள். பிறகு கடைக்குப் போய், காலையிலிருந்து பிரிக்காமல் கிடந்த சோற்றுப் பார்சலைப் பிரித்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். முத்தலிபு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

வியாழன் காலை ஹுனைஸின் தவணை பத்து நிமிடத்தில் முடிந்தது. பொலிஸார் புதிய அறிக்கையைக் கொடுத்தார்கள். அதிலிருந்த பெயர்களை யாரும் உரக்க வாசிக்கவில்லை. நீதவான் வாசித்துவிட்டு, ஹுனைஸைப் பிணையில் விட்டார். போலிச் சான்றிதழ் வழக்கில் புதிதாகப் பிடிபட்ட இரண்டு பேரைக் கொண்டுவரச் சொன்னார்.

கையில் ஒரு ஷொப்பிங் பேக்கோடு ஹுனைஸ் வெளி விறாந்தைக்கு வந்தான். பதின்மூன்று நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. ஷிம்லாவின் முகத்தைப் பார்த்தான், அவளருகில் நின்ற ஹஃபீலாவுக்குத் தலையசைத்தான். அவனுக்கு இன்னும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அப்போது முற்றத்தில் ஜீப் வந்து நின்றது. முதலில் ஸஜீத் இறங்கினான். ஹுனைஸின் தாடை இறுகியது. அடுத்து லத்தீப் இறங்கினார். இரண்டு கையையும் முன்னால் சேர்த்து, விலங்கு தெரியாதபடி அதன்மேல் ஒரு துவாய்த் துண்டைப் போட்டிருந்தார்.

ஹுனைஸின் முகம் மலர்ந்துவிட்டது. தனக்காகத் தவணைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தான்.

"லத்தீப் நானா!" என்று கூப்பிட்டுக் கையை உயர்த்தி ஆட்டினான். "நானா, விட்டுட்டாங்க! நான் வந்துட்டன்!"

லத்தீப் தலையைக் குனிந்துகொண்டார். ஹுனைஸின் கை இன்னும் காற்றில் நின்றது. ஷிம்லா அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து, மெல்ல, முழுதாகக் கீழே இறக்கினாள்.